மவுஸ் செத்துப்போச்சா, இல்ல வெறும் அழுக்கா?

இந்த வாரம் கொஞ்சம் அழுக்கான விஷயம் பேசப்போறோம். சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க, ஒரு பாஸ் போட்டுட்டு சாப்பிட்டு முடிச்சு வாங்க.

மவுஸ் பக்கத்தில் இருந்தா கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்க. அடியில் வழவழன்னு சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டைகளைச் சுத்தி கருப்பா ஒரு பார்டர் கட்டியிருக்கா? இப்போ பக்கவாட்டில், கட்டைவிரல் படுற இடம். அங்கே ஒரு பளபளப்பு. பட்டனுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் பழுப்பா ஏதோ அடைச்சிருக்கும். ஸ்க்ரோல் வீலை மெதுவா உருட்டினா, அதோட வரிகளுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம்.

அதெல்லாம் பெரும்பாலும் நாமதான். நம்ம தோலிலிருந்து உதிர்ற செல்கள், தோல் சுரக்கிற எண்ணெய், வியர்வை. அதோட ரூம் தூசி, துணியோட நூல், தலைமுடி, மீட்டிங்ல மைக்கை மியூட் பண்ணிட்டு கொறிச்ச மிக்சரோட எண்ணெய். எல்லாம் சேர்ந்து, நாள் முழுக்க கை அழுத்த அழுத்த, மெழுகு மாதிரி இறுகிப் போயிருக்கு.

இதை ஏன் ஒரு எபிசோடா பேசுறேன்னா, போன மாசம் எனக்கு வந்த மெசேஜ்களில் பல பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தாங்க. "ஸ்க்ரோல் பண்ணா பேஜ் மேலயும் கீழயும் குதிக்குது", "கர்சர் நடுங்குது", "கிளிக் ஒட்டிக்குது", கடைசியில் "ஆயிரம் ரூபாய்க்குள்ள புதுசா எது வாங்கலாம்?"

என்னோட பதில்: இப்போ எதுவும் வாங்காதீங்க. நீங்க சொல்ற மூணில் மூணுமே அழுக்கா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மவுஸ் தேய்ஞ்சுபோறதுன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கு, அதையும் சொல்றேன். ஆனா முதலில் அழுக்கை எடுத்தால்தான், தேய்மானம் இருக்கா இல்லையான்னே தெரியும். கிளீனிங்கை நான் அழகுக்காகப் பண்ணச் சொல்லலை. இது டீபக்கிங்.

கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வருவோம். 1964-இல் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், டக்ளஸ் எங்கல்பார்ட்டோட யோசனையை வச்சு பில் இங்கிலீஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை மேடையில் காட்டினார். அப்புறம் சக்கரத்துக்குப் பதிலா பந்து வந்தது. எங்க தலைமுறையில் பல பேர் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் முதலில் தொட்டது அந்தப் பந்து மவுஸைத்தான்.

அந்தப் பந்து மவுஸில் ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? அடியில் ஒரு வட்ட மூடி இருக்கும். எந்தப் பக்கம் திருப்பணும்னு அம்புக்குறியே போட்டிருக்கும். விரலால் திருப்பினா மூடி வந்துடும், பந்து கையில் விழும். உள்ளே இருக்கிற உருளைகளில் வளையமா அழுக்கு சுத்தியிருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்துட்டுப் பந்தைத் திரும்பப் போட்டா, கர்சர் வழுக்கிக்கிட்டு ஓடும். அதாவது, செஞ்ச கம்பெனிக்கே தெரியும், இதை வாங்குறவர் திறப்பார், துடைப்பார்னு. அதுக்காக ஒரு கதவே வச்சிருந்தாங்க.

1999-இல் மைக்ரோசாஃப்ட் ஆப்டிகல் மவுஸைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அதுக்கப்புறம் பந்து போச்சு, உருளை போச்சு, கூடவே கதவும் போச்சு. இப்போ திருகாணி எங்கேயிருக்குன்னே தெரியாது. பெரும்பாலும் அடிப்பட்டைக்குக் கீழேயோ, ஸ்டிக்கருக்குக் கீழேயோ ஒளிஞ்சிருக்கும். ஆனா அழுக்கு போச்சா? இல்லை. ஸ்க்ரோல் வீல் இருக்கு, பட்டன் இருக்கு, லென்ஸ் இருக்கு. உள்ளே போற வழி அழுக்குக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. கதவு இல்லாததனால, இது திறக்கிற பொருளே இல்லைன்னு மனசில் பதிஞ்சுபோச்சு. அதனாலதான் மக்கர் பண்ணின உடனே கை நேரா ஷாப்பிங் ஆப்புக்குப் போகுது.

சரி, இப்போ ஒவ்வொரு புகாரா பார்ப்போம்.

முதல் புகார், கர்சர் நடுங்குது, இல்லைன்னா நின்னு நின்னு போகுது. ஆப்டிகல் மவுஸோட அடியில் இருக்கிறது ஒரு குட்டி கேமரா. எல்இடி வெளிச்சம் டேபிள் மேல சாய்வா விழும், கேமரா படம் எடுத்துக்கிட்டே இருக்கும். மலிவான மவுஸ்களில் ஒரு காலத்தில் பரவலா இருந்த ஒரு சென்சார், 18-க்கு 18 பிக்சலில் நொடிக்கு 1500 படம் எடுத்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் டேபிளோட சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்திருக்குன்னு ஒப்பிட்டுத்தான் அது கர்சரை நகர்த்துது. இப்போ அந்த ஓட்டையில் ஒரு தலைமுடி மாட்டிக்கிச்சுன்னு வைங்க. டேபிள் நகருது, முடி மட்டும் நகராம அதே இடத்தில் தெரியுது. பாவம், சென்சார் எதை நம்பும்? அந்தக் குழப்பத்தைத்தான் நீங்க நடுக்கமா பார்க்கிறீங்க.

ரெண்டாவது, ஸ்க்ரோல் குதிக்குது. கீழே உருட்டினா நடுவில் ஒரு தடவை மேலே போகுது. வீலோட அச்சில் என்கோடர்னு ஒரு பாகம் இருக்கு. எவ்வளவு சுத்துச்சு, எந்தப் பக்கம் சுத்துச்சுன்னு ரெண்டு சிக்னலை வச்சு அது சொல்லும். ரெண்டில் எது முதலில் வருதோ அதை வச்சுத்தான் திசை. சில மவுஸில் இது உலோகத் தொடர்பு, சிலதில் வெளிச்சம் பல்சக்கரம் வழியா போய்ப் போய் மறையும். தொடர்பில் பிசுக்கு படிஞ்சாலோ, பல்லுக்கு நடுவில் நூல் மாட்டினாலோ ஒரு சிக்னல் தவறிப்போகும். அப்போ திசையும் தப்பாயிடும்.

மூணாவது, கிளிக். இதில்தான் கவனம் தேவை. ஏன்னா கிளிக் பிரச்னை ரெண்டு வகை. அழுத்தினா பட்டன் மெதுவா எழும்புது, ஒட்டுதுன்னா அது அழுக்கு. பெரும்பாலும் டீ, காபி, கூல்டிரிங் சிந்தி, சர்க்கரை காய்ஞ்சு ஒட்டியிருக்கும். ஆனா ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை கிளிக் ஆகுது, ஃபைலை இழுத்துட்டுப் போறப்ப பாதி வழியில் விழுந்துடுதுன்னா, அது தேய்மானமா இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்குப் பின்னாடி வர்றேன்.

இப்போ என்னென்ன வேணும்? ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். ஆன்லைனில் கிடைக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டுப் பாருங்க. வெளியே துடைக்க 70 சதவீதம் போதும், உள்ளே சர்க்யூட் பக்கம் போறதுன்னா தண்ணி கம்மியா இருக்கிற 99 சதவீதம் நல்லது. காது குடையிற பட்ஸ் கொஞ்சம், மரத்தில் செஞ்ச பல்குத்தும் குச்சி, பழைய டூத்பிரஷ், கண்ணாடி துடைக்கிற மாதிரி நூல் உதிராத துணி. திறக்கிறதா இருந்தா ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். கேமரா துடைக்கிறவங்க வச்சிருக்கிற ரப்பர் ப்ளோயர் இருந்தா ரொம்ப நல்லது. வாயால் ஊதாதீங்க, எச்சில் போகும்.

எது கூடாதுன்னும் சொல்லிடறேன். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், மவுஸோட ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைச்சிடும். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம், கிளிசரின் மாதிரி பொருட்கள் இருக்கிறதால பிசுக்கு விட்டுட்டுப் போகும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய்னு வீட்டில் யாராவது அன்போட எடுத்துட்டு வருவாங்க. அன்பை மட்டும் வாங்கிக்கோங்க. எண்ணெய் விட்டா வீல் ரெண்டு நாள் சூப்பரா சுத்தும், அப்புறம் ரூமில் இருக்கிற தூசி எல்லாத்தையும் இழுத்து வச்சுக்கும்.

இன்னொண்ணு, இந்த ஆல்கஹால் சட்டுன்னு தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்பு பக்கத்தில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க.

வெளிவேலை, பத்து நிமிஷம். வயரைக் கழட்டுங்க. வயர்லெஸ்னா ஆஃப் பண்ணி பேட்டரியை எடுங்க. முதலில் ஈரமில்லாம ஆரம்பிங்க. பல்குத்தும் குச்சியை பட்டன் ஓரக் கோட்டில் விட்டு, உள்ளே தள்ளாம வெளிப்பக்கமா வழிச்சு எடுங்க. உள்ளே தள்ளினா அதே அழுக்கு ஸ்விட்ச் மேல போய் உட்காரும். அடிப்பட்டைகளைச் சுத்தியிருக்கிற கருப்பு பார்டரையும் குச்சியாலேயே எடுக்கலாம். பட்டை டெஃப்லான் வகை பிளாஸ்டிக், அதனால கத்தி, பிளேடு வேண்டாம். சென்சார் ஓட்டையை ப்ளோயரால் ஊதிட்டு, முடி தெரிஞ்சா காய்ஞ்ச பட்ஸால் மெதுவா சுத்தி எடுங்க. லென்ஸை அழுத்தித் தேய்க்காதீங்க.

அதுக்கப்புறம்தான் ஆல்கஹால். மவுஸ் மேல நேரா ஊத்தவோ ஸ்ப்ரே பண்ணவோ கூடாது. துணியில் கொஞ்சம் எடுத்து, அந்தத் துணியால் துடைங்க. வீலை உருட்டி உருட்டி டூத்பிரஷால் தேய்ங்க. துணி கருப்பா வரும், அதைப் பார்க்கிறதே ஒரு திருப்தி. பத்து நிமிஷம் காயவிட்டுட்டு மாட்டிப் பாருங்க. பல மவுஸுக்கு இதுவே போதும்.

போதலைன்னா, திறக்கணும். ரெண்டு விஷயம் முதலில் பாருங்க. மவுஸ் ஆபீஸோடதுன்னா திறக்காதீங்க, ஐடி டீம்கிட்ட கொடுங்க. வாரன்டி இருக்குன்னா, முதலில் வாரன்டியில் மாத்துங்க. இந்த ரெண்டும் இல்லைன்னா அது உங்க மவுஸ், தாராளமா திறக்கலாம்.

திருகாணி வெளியே தெரியலைன்னா, ஸ்டிக்கர் மேல விரலால் தடவிப் பாருங்க, குழி தட்டுப்படும். பேட்டரி பெட்டிக்குள்ளே பாருங்க. அங்கேயும் இல்லைன்னா அடிப்பட்டைக்குக் கீழேதான். ஹேர் டிரையரால் லேசா சூடு காட்டினா பட்டை வளையாம உரியும், திரும்ப ஒட்டிக்கலாம். மேல்மூடியைச் சட்டுன்னு பிடுங்காதீங்க. சில மவுஸில் மேல்மூடிக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் ரிப்பன் மாதிரி ஒரு மெல்லிய கேபிள் இருக்கும். கொக்கி எந்தப் பக்கம்னு பார்த்து, மெதுவா. திறந்தவுடனே மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. வீலுக்குக் கீழே சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததுன்னு அப்புறம் ஞாபகம் வராது.

நான் இந்த எபிசோடுக்காக என்னோட நாலு வருஷ மவுஸைத் திறந்தேன். வீலோட அச்சைச் சுத்தி, ராக்கி கட்டின மாதிரி முடியும் நூலும் சுத்தியிருந்தது. ட்வீஸரால் பிடிச்சு இழுத்தா ஒரே இழையா வந்துக்கிட்டே இருந்தது. நாலு வருஷமும் பக்கம் பக்கமா லாக் ஃபைலை ஸ்க்ரோல் பண்ணினது இந்த வீல்தான். முடியை எடுத்து, பல்லைத் துடைச்சு, வீலைத் திரும்ப மாட்டினேன். அரைமணி நேர வேலை, செலவு எதுவும் இல்லை.

உலோகத் தொடர்பு என்கோடர்னா, துடைச்சும் குதிச்சா, கான்டாக்ட் கிளீனர்னு விக்கிற ஸ்ப்ரேயை ஒரே ஒரு துளி விட்டு, வீலை இருபது முப்பது தடவை சுத்துங்க. நல்லா காய்ஞ்ச அப்புறம் பேட்டரி போடுங்க.

இப்போ, அழுக்கு மாதிரியே தெரியும், ஆனா அழுக்கு இல்லாத ஒண்ணு. சில மவுஸோட பக்கவாட்டில் ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு பூச்சு இருக்கும். வாங்கினப்ப கையில் பிடிக்க அவ்வளவு சுகமா இருக்கும். சில வருஷத்தில் அது வெல்லப்பாகு தொட்ட மாதிரி பிசுபிசுக்க ஆரம்பிக்கும். எத்தனை தடவை துடைச்சாலும் திரும்பத் திரும்ப ஒட்டும். ஏன்னா அங்கே அந்தப் பூச்சே சிதையுது. இந்த மாதிரி பூச்சுக்கு பாலியூரித்தேன் அதிகமா பயன்படுது. காத்தில் இருக்கிற ஈரம் அதோட மூலக்கூறுகளை மெதுவா உடைச்சுக்கிட்டே இருக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு கடலோர ஊர்களில் இருக்கிறவங்களுக்கு ஈரத்தைப் பத்தி நான் சொல்லணுமா? பீரோவில் பத்திரமா வச்சிருந்த மவுஸ்கூட இப்படி ஆகும். கை படாமலே ஆகுதுங்கிறதிலேயே தெரியுது, குத்தம் உங்க கை மேல இல்லை.

இதுக்கு வழி, பூச்சை முழுசா எடுத்துடுறது. ஆல்கஹால் நனைச்ச துணியால் பொறுமையா தேய்ச்சா பூச்சு உருண்டு உருண்டு வரும், கீழே கெட்டி பிளாஸ்டிக் தெரியும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பார்க்க பழைய அழகு இருக்காது, ஆனா கையில் ஒட்டாது. உள்ளே இருக்கிற பாகங்களுக்கு இதில் எந்தச் சேதமும் இல்லை. எத்தனை நல்ல மவுஸ் இந்தப் பிசுபிசுப்புக்காகவே குப்பைக்குப் போயிருக்கும்னு யோசிச்சா கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு.

சரி, டபுள் கிளிக். பட்டனுக்குக் கீழே மைக்ரோ ஸ்விட்ச்னு ஒரு சின்ன கருப்பு பெட்டி இருக்கு. அதுக்குள்ளே வளைஞ்ச ஒரு உலோகத் தகடு. அழுத்தினா டக்குனு கீழே போய்த் தொடும், விட்டா மேலே வரும். நீங்க கேக்கிற கிளிக் சத்தம் அதுதான். உலோகம் உலோகத்தைத் தொடுறப்ப ஒரு தடவையில் அமைதியா உட்காராது, சில மில்லிசெகண்ட் துள்ளும். மவுஸுக்குள்ள இருக்கிற புரோகிராம் அந்தத் துள்ளலைக் கண்டுக்காம விட்டுடும். எம்பெடட் பக்கம் இருக்கிறவங்களுக்கு டிபவுன்ஸ்னு சொன்னா புரியும். வருஷம் போகப் போக தகடு தளரும், தொடுற இடம் கருத்துப்போகும், துள்ளல் நீளும். ஒரு கட்டத்தில் புரோகிராம் அதை ரெண்டாவது கிளிக்னு நம்பிடும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 கோடி கிளிக் தாங்கும்னு குறிச்ச ஸ்விட்ச்கள் உண்டு, அதுக்கு மேலேயும் உண்டு. ஒரு நாளைக்கு 5000 கிளிக்னு வச்சுக்கிட்டா, 1 கோடி கிளிக் 2000 நாள் வரும். வேலை நாள் மட்டும் எண்ணினா ஏழெட்டு வருஷம். அதனால வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலைன்னா, தேய்மானம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஸ்விட்ச் மேல இருக்கிற அந்தச் சின்ன முளையைச் சுத்தி ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைச்சுப் பாருங்க. டெஸ்ட் ரொம்ப எளிது. ஒரு டாகுமென்ட்டைத் திறந்து, ஒரு வார்த்தை மேல நிறுத்தி நிதானமா ஐம்பது தடவை ஒத்தைக் கிளிக் பண்ணுங்க. நடுவில் எப்பவாவது வார்த்தை முழுசா செலக்ட் ஆச்சுன்னா, அங்கே ரெட்டைக் கிளிக் விழுது.

துடைச்சும் போகலைன்னா ஸ்விட்சை மாத்தணும். மூணு கால்தான், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிஞ்சா நீங்களே பண்ணலாம். தெரியலைன்னா மொபைல் சர்வீஸ் கடையில் கேளுங்க. ஸ்விட்சை சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் தேடலாம். பழைய ஸ்விட்சைக் கையோட எடுத்துட்டுப் போனா அளவு பார்க்க வசதி.

வயர்லெஸ் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குப் போறீங்க, ரெண்டு மூணு வாரம் மவுஸைத் தொடப்போறதில்லைன்னா பேட்டரியை எடுத்து வெளியே வைங்க. ஒழுகின பேட்டரி, தொடுமுனை உலோகத்தை அரிச்சிடும். அல்கலைன் பேட்டரி ஒழுகி வெள்ளையா பூத்திருந்தா, பட்ஸில் ரெண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைச்சு, அப்புறம் ஆல்கஹாலால் துடைச்சுக் காயவைங்க. வெறும் கையால் தொடாதீங்க.

இவ்வளவும் பண்ணியும் சரியாகலைன்னா? அப்போ நிம்மதியா புதுசு வாங்குங்க, இதில் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம். பழசை மட்டும் சமையலறைக் குப்பையோட போடாதீங்க. 2022-இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு உருவாச்சு, அதில் முறையா சேகரிச்சு மறுசுழற்சி ஆனதா பதிவானது 22.3 சதவீதம்தான்னு ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லுது. ஒரு மவுஸ் அதில் கடுகளவு. ஆனா நம்ம கையில் இருக்கிறது அந்தக் கடுகுதான். மின்கழிவு வாங்குற மையத்தில் கொடுங்க. இன்னும் ஓடுதுன்னா, லேப்டாப்போட டச்பேடில் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் உங்க சொந்தத்திலேயே இருப்பாங்க, துடைச்சுட்டுக் கொடுங்க.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைக்கிறது? வாரம் ஒரு தடவை காய்ஞ்ச துணி, மாசம் ஒரு தடவை ஆல்கஹால். திறந்து துடைக்கிறது வருஷத்துக்கு ஒரு தடவை போதும், அதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு நாள் இருக்கு. ஆயுத பூஜை. எத்தனை ஆபீஸில் மானிட்டருக்கும் சிபியுவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறாங்க! லேத் பட்டறையில் அன்னைக்கு மெஷினைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, அப்புறம்தான் பொட்டு வைப்பாங்க. நாம பல பேர் துடைக்கிறதை விட்டுட்டு நேரா பொட்டுக்கு வந்துட்டோம். இந்த வருஷம் பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி அந்த நாலு திருகாணியைக் கழட்டிப் பாருங்க.

உங்க மவுஸுக்குள்ளே என்ன கிடைச்சதுன்னு போட்டோவோட அனுப்புங்க, முகம் சுளிக்க நான் ரெடி. அடுத்த வாரம் ஹெட்போன் குஷன் உரியறதைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், கை கழுவிட்டு கோட் எழுதுங்க.